டெல்லிக்கு எம்.ஏ. சமூகவியல் படிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு

நான் 2022 கடைசியில் டெல்லியில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சமூகவியல் சேர்ந்து 2024-இல் முடித்தேன். ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, அப்புறம் உள்ளூர்க் கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம். சமூகவியல் என்று ஒரு படிப்பு இருப்பதே எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. “சோஷியல் ஒர்க்கா பாப்பா?” என்று கேட்டவர்கள்தான் அதிகம். நான் நினைத்ததைவிட நல்ல படிப்பு அது. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமே இல்லை. ஆனால் அதைச் சுற்றி இருக்கிற விஷயங்களில் பணம் போனது, மாதக்கணக்கில் நேரம் போனது, விடுதி மொட்டைமாடியில் தனியாக நின்று அழுததும் உண்டு. யாராவது ஒருவர் முன்னாலேயே உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

இந்தப் படிப்பின் மேல் ஆசை வந்தது அம்பேத்கரால்தான். 1916 மே மாதம் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மானிடவியல் கருத்தரங்கில் அவர் படித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரை எங்கள் கல்லூரி நூலகத்தில் இருந்தது. அப்போது அவருக்கு 25 வயது. சாதியைத் தாங்கி நிற்பது சாதிக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்ளும் வழக்கம்தான், அந்த வழக்கத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான் விதவைக் கொடுமையும் குழந்தைத் திருமணமும் வந்தன என்று அதில் படிப்படியாக வாதாடுகிறார். சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்ட கல்யாணப் பேச்சுகள் எல்லாம் சட்டென்று வேறு மாதிரி புரிந்தன. இப்படி யோசிக்க ஒரு படிப்பு இருக்கிறதென்றால் அதைத்தான் படிக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

முதல் சிக்கல் சேர்க்கையிலேயே வந்தது. மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலைச் சேர்க்கைக்கு சியூஇடி என்ற பொது நுழைவுத்தேர்வு வந்த முதல் ஆண்டு அது. தேர்வு செப்டம்பரில் நடந்து, முடிவு 26-ஆம் தேதி வந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பித்துப் பட்டியலுக்குக் காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலோ அதற்குள் வகுப்புகளே தொடங்கிவிட்டன. ஒரு வருடம் வீணாகக் கூடாது என்று அப்பா, அம்மாவின் வளையலை அடகு வைத்து, ஒரு தனியார் கல்லூரியில் எம்.ஏ. ஆங்கிலத்துக்கு 42,000 ரூபாய் கட்டினார். நவம்பரில் டெல்லியிலிருந்து இடம் கிடைத்த செய்தி வந்தது. கல்லூரியில் போய் நின்றால், “கட்டின பணம் திரும்ப வராது, டி.சி. வேணும்னா அடுத்த வருஷ ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிக்குங்க” என்றார்கள். மதிப்பெண் பட்டியல் உட்பட அசல் சான்றிதழ்கள் எல்லாம் அவர்களிடம் இருந்தன. அப்பா அந்த மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அப்போது எங்களுக்குத் தெரியாத விஷயத்தை இப்போது சொல்கிறேன். மாணவரின் அசல் சான்றிதழை எந்தக் கல்லூரியும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) விதி. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். அந்த ஆண்டு நுழைவுத்தேர்வு தாமதமானதால், 2022 அக்டோபர் 31 வரை விலகினால் முழுப் பணமும், டிசம்பர் 31 வரை விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியும் தர வேண்டும் என்று யூஜிசி ஆகஸ்டிலேயே அறிவித்திருந்தது. இந்தத் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், உங்கள் ஆண்டுக்கான அறிவிப்பை யூஜிசி தளத்தில் எடுத்து அச்சடித்து வையுங்கள். அந்த அறிவிப்பு ஒரு சீனியர் அக்கா மூலம்தான் எங்கள் கைக்கு வந்தது. அதைக் காட்டி, யூஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகாரும் பதிந்த பிறகுதான் சான்றிதழ்கள் வந்தன, அதுவும் டெல்லி ரயிலுக்கு முந்தின நாள். பணத்தில் 30,000 மட்டும் பல மாதம் கழித்து வந்தது. மீதியை அப்பா விட்டுவிடச் சொன்னார். விலகும் கடிதத்தைக் கையில் கொடுத்தால் போதாது. கொடுத்த தேதி தெரிகிற மாதிரி மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பிறகு பேசும்போது அந்தத் தேதி ஒன்றுதான் உதவும்.

அடுத்தது ஓபிசி, அதாவது இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். நம் ஊரில் பிசி, எம்பிசி என்று வாங்கி வைத்திருக்கும் நிரந்தரச் சாதிச் சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழகத்தில் செல்லாது. மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயர் (வசதியான பிரிவு) இல்லை என்று தாசில்தார் தரும் ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்தால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாக நகரும். பெற்றோர் வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். அந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது என்பதை இ-சேவை மையத்திலேயே பலருக்கு நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேதியும் முக்கியம். நான் மார்ச்சிலேயே வாங்கி வைத்திருந்தேன். டெல்லியில் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதுதான் வேண்டும் என்று சொல்லி, உறுதிமொழிக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு தற்காலிகமாகத்தான் சேர்த்தார்கள். புதுச் சான்றிதழ் வரும் வரை எந்த நேரத்தில் வெளியே அனுப்புவார்களோ என்ற பயத்திலேயே வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். ஏப்ரல் முதல் வாரத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

உதவித்தொகை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐஐடி, என்ஐடி, மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளங்கலை, முதுகலை படிக்கும் தமிழ்நாட்டு பிசி, எம்பிசி, சீர்மரபினர் மாணவர்களுக்குத் தமிழக அரசு ஆண்டுக்கு 2 லட்சம் வரை தருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் பிற்படுத்தப்பட்டோர் நல ஆணையரகத்துக்கு, படிக்கும் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையோடு விண்ணப்பம் போக வேண்டும். டெல்லியில் எங்கள் அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது. எனக்கும் தெரியவந்தபோது முதல் ஆண்டுக்கான கடைசித் தேதி போய்விட்டது. அந்த வருடம் முழுக்க அப்பா வட்டிக்கு வாங்கி அனுப்பிய பணத்தில்தான் ஓடியது. மத்தியப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் குறைவு என்பது உண்மைதான். செலவெல்லாம் அதற்கு வெளியே இருக்கிறது: விடுதி கிடைக்கும் வரை அறை வாடகை, முன்பணம், மெஸ், போனவுடனே வாங்க வேண்டிய ரஜாய் என்ற கனத்த போர்வை, ஸ்வெட்டர். எனக்கு முதல் மூன்று மாதத்தில் மட்டும் 45,000-க்கு மேல் ஆனது. அந்த அளவு பணம் கையில் இருந்தால்தான் நிம்மதியாகக் கிளம்பலாம்.

சரி, படிப்புக்கு வருகிறேன். முதல் பருவத்தில் சமூகவியலின் மூலச் சிந்தனையாளர்களான மார்க்ஸ், துர்கைம், வேபர். ஒவ்வொரு வகுப்புக்கும் நாற்பது ஐம்பது பக்கம் ஆங்கிலத்தில் படித்துவிட்டு வர வேண்டும். பி.ஏ. ஆங்கிலம் படித்திருந்தும் ஒரு பக்கத்தைத் தாண்ட அரை மணி நேரம் ஆனது. வகுப்பில் சிலர் கையைத் தூக்கிச் சரளமாகப் பேசுவார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எனக்கு அறிவே இல்லையோ என்று குமைந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நாள் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. நன்றாகப் பேசினவர்களில் பலர் டெல்லியிலேயே இளங்கலையில் மூன்று வருடம் இதே ஆட்களைப் படித்துவிட்டு வந்தவர்கள். நான் இரண்டு மாதமாகப் படிக்கிறேன். இந்தக் கணக்கை யாராவது முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு தாழ்வு மனப்பான்மை வந்திருக்காது.

எனக்கு வழி திறந்தது இக்னோ என்ற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடப் புத்தகங்களால். எம்எஸ்ஓ-001 சமூகவியல் கோட்பாடுகள், 002 ஆய்வுமுறைகள், 004 இந்தியாவில் சமூகவியல். மூன்றும் இ-ஞான்கோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எளிமையான ஆங்கிலம். முதலில் அதில் ஒரு அலகைப் படித்துவிட்டு, அப்புறம் மூல நூலுக்குப் போனால் பாதிச் சுமை இறங்கிவிடும். இன்னொன்றும் பழகிக்கொண்டேன். ஒவ்வொரு சிந்தனையாளரையும் படிக்கும்போது, இவர் யாரோடு சண்டை போடுகிறார் என்று முதலில் பார்ப்பேன். துர்கைம் 1897-இல் தற்கொலை பற்றிப் புத்தகம் எழுதினார். தற்கொலை தனி மனிதரின் மனக்கோளாறு, பரம்பரை, தட்பவெப்பம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களோடு அவருக்குச் சண்டை. ஆள் மாறினாலும் ஒரு சமூகத்தின் தற்கொலை விகிதம் வருடா வருடம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, கத்தோலிக்கர்களைவிட புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களிடம் அதிகமாக இருக்கிறது, ஆகவே காரணத்தை மனிதர்களைக் கட்டிவைக்கும் உறவின் இறுக்கத்தில் தேட வேண்டும் என்கிறார். எதிராளி யார் என்று தெரிந்துவிட்டால் அந்த நீள நீளமான பத்திகள் எல்லாம் எதற்கு என்று புரிந்துவிடும். படித்து முடித்ததும் அரைப் பக்கம் தமிழில் எழுதுவேன். தமிழில் எழுத வரவில்லை என்றால் எனக்கு இன்னும் விளங்கவில்லை என்று அர்த்தம், திரும்பப் படிப்பேன். அந்த நோட்டுகள்தான் பின்னால் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கும் உதவின. தமிழிலேயே தொடங்க விரும்புகிறவர்களுக்குப் பக்தவத்சல பாரதியின் ‘பண்பாட்டு மானிடவியல்’ நல்ல வாசல். டெல்லி போவதற்கு முன்னால் ஒரு தடவை முழுதாகப் படித்துவிடுங்கள்.

இரண்டாம் பருவத்தில் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேயின் புத்தகம் வந்தது. 1960-களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி, சாதியும் நிலமும் அதிகாரமும் எப்படிப் பிரிந்துபோகின்றன என்று எழுதியது, 1965-இல் வெளிவந்தது. ஊருக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்திருப்பார். அக்ரஹாரம், பிராமணர் அல்லாதார் தெருக்கள், சேரி என்று ஊரைப் பிரித்துப் பிரித்துக் காட்டுவார். வகுப்பில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், “உங்க ஊர்தானே, இப்பவும் இப்படித்தானா?” என்று பேராசிரியர் கேட்டார். அன்றைக்குத்தான் முதன்முதலாக வகுப்பில் வாயைத் திறந்து பேசினேன். வாய்க்கால், தெரு, கோயில் தேர் எந்த வழியாக வரும், எந்த வழியாக வராது என்று சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் புத்தகத்தில் எனக்கு மறக்காத இடம் வேறு. தான் அக்ரஹாரத்தில் பிராமணர் வீட்டில் தங்கியதால் சேரி மக்களோடு தாராளமாகப் பழக முடியவில்லை என்பதை அவரே ஒளிக்காமல் எழுதியிருப்பார். படிக்கும்போது அது ஒரு தகவல் மாதிரிதான் இருந்தது. அடுத்த கோடையில் அது எனக்கே நடந்தது.

ஆய்வேட்டுக்கு நான் எடுத்தது நூறு நாள் வேலையில் இருக்கும் பெண்கள். தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். என் சித்தி வாழ்க்கைப்பட்ட ஊரிலேயே களப்பணி என்று முடிவு செய்தேன். ஊர்ப் பெயரைச் சொல்ல முடியாது. தங்கவும் சாப்பிடவும் செலவில்லை, பெண் பிள்ளை தனியாக இருக்கிறாளே என்று வீட்டில் கவலைப்படவும் வேண்டாம். நாங்கள் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் இடைநிலைச் சாதி. சித்தி வீடு மேலத் தெருவில், திண்ணை வைத்த ஓட்டு வீடு.

முதல் நேர்காணலுக்குக் காலனியிலிருந்து ஒரு அம்மா வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் திண்ணையில் பாய் விரித்து, “உக்காருங்க ஆயா” என்றேன். “இருக்கட்டும் பாப்பா, நீங்க கேளுங்க” என்று வாசலிலேயே நின்றார். சித்தி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “ஏ, அதான் சொல்றால்ல, அப்படி ஓரமா உக்காரு” என்றார். என்னைவிட நாற்பது வயது மூத்தவர் என்னை “நீங்க” என்கிறார், சித்தி அவரை ‘வா, போ’ என்கிறார். அவர் திண்ணைக்கு ஏறவில்லை, வாசல்படிக்குக் கீழே சிமென்ட் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும், “நல்லாத்தான் இருக்கு பாப்பா, ஒரு குறையும் இல்ல” என்றே பதில். நூறு நாள் வேலை வந்த பிறகு வயல் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று சித்தப்பா வீட்டில் தினமும் புலம்புவார். அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு நூறு நாள் வேலையைப் பற்றி அவர் எப்படி மனம்விட்டுப் பேசுவார்? பதிவை அன்றிரவு போட்டுக் கேட்டபோது எனக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. அந்தக் கேள்விகளை அந்த இடத்தில் யார் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

மறுநாளிலிருந்து சித்தி வீட்டில் நேர்காணல் வைப்பதை நிறுத்தினேன். வாய்க்கால் தூர்வாரும் இடத்துக்கே போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அங்கே வேறு பயம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று எல்லோரையும் நிறுத்திப் பணித்தளப் பொறுப்பாளர் செல்போனில் படம் எடுத்து ஏற்ற வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து என்எம்எம்எஸ் என்ற வருகைப்பதிவுச் செயலியில் இது கட்டாயமாகியிருந்தது. சிக்னல் இல்லாமல் படம் ஏறாவிட்டால் அன்றைய கூலி என்ன ஆகுமோ என்று தவிப்பார்கள். அப்போது அறிவிக்கப்பட்ட நாள் கூலி 294 ரூபாய், அளவெடுத்துப் போடும்போது அதுவும் முழுசாகக் கைக்கு வராது. இந்த நிலையில் நோட்டும் போனுமாக ஒரு பெண் போய் நின்றால், “ஏம்மா, ஆள் கணக்கெடுக்க வந்திருக்கியா?” என்றுதான் கேட்பார்கள். பல்கலைக்கழகம் கொடுத்த ஒப்புதல் படிவத்தை நீட்டியதும், “கையெழுத்துன்னா வேணாம் தாயி” என்று நகர்ந்துவிட்டார்கள். படிவத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, நான் யார், எதற்குக் கேட்கிறேன், பெயர் எங்கேயும் வராது, பிடிக்காவிட்டால் நடுவில் நிறுத்திவிடலாம் என்று வாயால் சொல்லி, அவர்கள் சரி என்பதை மட்டும் பதிவு செய்தேன். வாய்மொழி ஒப்புதலை ஏற்றுக்கொள்வார்களா என்று களத்துக்குப் போவதற்கு முன்பே வழிகாட்டியிடம் கேட்டு மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். நான் திரும்பிப் போன பிறகு இதற்காகத் தனியாக விளக்கம் எழுத வேண்டியிருந்தது.

மெல்லப் பேச ஆரம்பித்தார்கள், அதற்குள் தளம் காலியானது. அந்த வருடம் மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறந்துவிட்டார்கள். தண்ணீர் வந்ததும் குறுவை நடவு தொடங்கிவிட்டது. பெண்கள் எல்லோரும் விடியற்காலையிலேயே நடவுக்குப் போய்விட்டு, மதியம் உடம்பு ஓய்ந்து வருவார்கள். எங்கள் பருவத் தேர்வு முடிந்து எனக்கு விடுமுறை கிடைத்ததே ஜூன் நடுவில்தான். பல்கலைக்கழகக் காலண்டர் வேறு, வயலின் காலண்டர் வேறு. டெல்டாவில் விவசாயக் கூலிகளை வைத்து ஆய்வு செய்வதென்றால் ஏப்ரல், மே மாதங்கள்தான் தோது. நீங்கள் எடுக்கும் மக்கள் யாராக இருந்தாலும், அவர்களுக்கு எந்த மாதம் வேலை, எந்த மாதம் ஓய்வு, எப்போது திருவிழா என்று முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் தலைப்பைக் கொடுங்கள். எனக்கு இதனால் ஒரு விடுமுறை முழுக்கப் போனது. குளிர்கால விடுமுறையில் மறுபடி வந்து, காலனித் தெருவிலேயே சாயங்கால நேரங்களில் உட்கார்ந்துதான் மீதியை முடித்தேன். சித்திக்கு அதில் ரொம்ப வருத்தம். “எங்க வீட்டுல சாப்பிட்டுட்டு அங்க போய் உக்காந்திருக்கா” என்று அம்மாவுக்குப் போன் செய்தார். அந்த உறவில் விழுந்த விரிசல் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. சொந்த ஊரில், சொந்தக்காரர் வீட்டில் தங்கிக் களப்பணி செய்ய நினைப்பவர்கள் இந்த விலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு யாராவது கேட்டால், பக்கத்து ஊரில் வாடகைக்கு ஒரு அறை எடுத்துத் தங்கு என்றுதான் சொல்வேன்.

குளிர்காலத்தில் முதல் நாள் வாசலில் உட்கார்ந்த அதே ஆயா, தன் வீட்டு முன்னால் முருங்கை மரத்தடியில் கட்டிலைப் போட்டு என்னை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசினார். முன்பு ‘ஒரு குறையும் இல்ல’ என்றவர், வேலை அட்டைக்கு யாரிடம் எத்தனை தடவை நடந்தார், கூலி பாக்கி நின்றபோது மளிகைக் கடையில் என்ன பேச்சுக் கேட்டார், யார் வயலில் ஆளுக்கு ஆள் கூலியைக் குறைத்தார்கள் என்று எல்லாம் சொன்னார். என் ஆய்வேட்டில் உருப்படியான பகுதி அதுதான். முதல் நேர்காணலையும் நான் தூக்கிப் போடவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடம் மாறினால் பேச்சு எப்படி மாறுகிறது என்று ஒரு அத்தியாயமே எழுதினேன். சரியாக வராத நேர்காணலும் ஒரு தரவுதான், அழித்துவிடாதீர்கள்.

பதிவுகளை எழுத்தாக்க ஆகும் நேரத்தை யாரும் சொல்வதில்லை. ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுதி, ஆங்கிலத்துக்குக் கொண்டுவர எனக்கு ஒரு முழு நாள் பிடித்தது. ஒவ்வொரு நாள் இரவும் அன்றைய பதிவை எழுதிவிட்டுத் தூங்குவது நல்லது. பிரதிகளையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் மைசூர்ப் பக்கத்துக் கிராமத்தில் எடுத்த குறிப்புகளைப் பல வருடம் உழைத்து ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் அவர் அலுவலகக் கட்டடத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது, அந்த ஒழுங்குபடுத்திய குறிப்புகளின் மூன்று பிரதிகளும் ஒன்றாக எரிந்துபோயின. நினைவிலிருந்துதான் அந்த ஊரைப் பற்றிப் பிறகு புத்தகம் எழுதினார். நமக்கு கூகுள் டிரைவ் இருக்கிறது, ஒரு பென் டிரைவ் 400 ரூபாய். இரண்டிலும் வையுங்கள். கோப்புகளுக்குப் பெண்களின் பெயரை வைக்காமல் எண் வையுங்கள், உங்கள் போன் யார் கைக்கு வேண்டுமானாலும் போகலாம்.

களப்பணி முடிந்து திரும்பினால் என் வழிகாட்டி நீண்ட விடுப்பில் போயிருந்தார். புதிதாக வந்தவர் என் தலைப்பே பழசு, கோட்பாட்டுப் பக்கம் மாற்றிக்கொள் என்றார். கையில் அத்தனை பெண்களின் பேச்சு இருக்கிறது, அதை எப்படித் தூக்கி எறிவது? ஒரு மாதத்துக்கு மேல் ஒரு வரி எழுத முடியவில்லை. கடைசியில் என்னைக் காப்பாற்றியது பழைய வழிகாட்டி என் ஆய்வுத் திட்டத்தை ஏற்று அனுப்பியிருந்த ஒரு மின்னஞ்சல்தான். அதை வைத்துத் துறைத் தலைவரிடம் பேசி அதே தலைப்பில் தொடர்ந்தேன். நேரில் பேசியதை எல்லாம், ‘இன்று நீங்கள் சொன்னபடி இப்படிச் செய்கிறேன்’ என்று அன்றைக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடுவது நல்ல பழக்கம். எவரையும் சந்தேகப்பட்டுச் செய்வதாக நினைக்க வேண்டாம், பேராசிரியர்களுக்கும் அது வசதிதான்.

இதே நேரத்தில் பிஎச்.டி. நேர்காணலுக்குக் கட்டுரை பிரசுரமாகியிருக்க வேண்டும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஏழு நாளில் பிரசுரம், சான்றிதழ் உண்டு என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு இதழுக்கு எங்கள் வகுப்பில் பலர் பணம் கட்டினார்கள், நானும் 2,500 ரூபாய் கட்டினேன். நேர்காணலில் ஒருவர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. எம்.ஏ. படிப்பவருக்குப் பிரசுரம் தேவையே இல்லை. ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் என்று யூஜிசி வைத்திருந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது, ‘கேர் இதழ்’ என்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் நெட். கோட்பாடு, ஆய்வுமுறை, இந்தியச் சமூகம் என்று எம்.ஏ. பாடத்தை ஒழுங்காகப் படித்தாலே இரண்டாம் தாளுக்குப் பெரும்பகுதி வந்துவிடும். இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறுக்குக் கழிவு கிடையாது. ஆகவே ஒன்றையும் விடாமல் எழுத வேண்டும். முதல் தாளான பொதுத் தாளை அலட்சியம் செய்தவர்கள்தான் என் வகுப்பில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகையைத் தவறவிட்டார்கள். ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் பிஎச்.டி. படிக்க முடியுமா முடியாதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. நான் 2024 ஜூன் 18-ஆம் தேதி எழுதினேன். நன்றாக எழுதியிருந்தேன். மறுநாளே தேர்வு ரத்து என்று கல்வி அமைச்சகம் அறிவித்தது. ஒன்பது லட்சம் பேருக்கு மேல் எழுதிய தேர்வு. விடுதியைக் காலி செய்ய வேண்டிய வாரம் அது. மறுதேர்வு ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 4 வரை கணினி வழியில் நடந்தது. அதற்குக் காத்திருந்த மாதங்களில் டெல்லியில் அறை வாடகையும் சாப்பாடுமாக 20,000-க்கு மேல் போனது. நூலகத்துக்காக அங்கேயே இருந்தேன். பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கு மூடப்படுவதற்கு முன்னால் ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தளத்திலிருந்து வேண்டிய கட்டுரைகளை எல்லாம் இறக்கிக்கொண்டு ஊருக்கு வந்து படித்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும் என்று இப்போது படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். மறுதேர்வில் உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஜேஆர்எஃப் கிடைக்கவில்லை. 2024 ஜூன் தேர்விலிருந்து நெட் மதிப்பெண்ணை பிஎச்.டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால் அது வீண் போகவில்லை.

இப்போது சென்னையில் ஒரு ஆய்வுத் திட்டத்தில் களஆய்வாளராக இருக்கிறேன், மாதம் 26,000. வேலை தேடும்போது அறிவிப்பின் தகுதிப் பகுதியை முழுசாகப் படியுங்கள். தொண்டு நிறுவனங்கள் பலவும் சமூகப்பணி முதுகலையான எம்எஸ்டபிள்யூதான் கேட்கும். ஆனால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு போன்ற இடங்களில் சமூகப்பணி, சமூகவியல், உளவியல் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள், நாமும் விண்ணப்பிக்கலாம். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு சமூகவியல் விருப்பப் பாடம், தலா 250 மதிப்பெண்ணில் இரண்டு தாள். எம்.ஏ. குறிப்புகளைத் தூக்கிப் போடாதவர்களுக்கு அதில் பாதித் தூரம் ஏற்கெனவே நடந்த மாதிரிதான். ஆய்வுத் திட்ட வேலைகளுக்கு நேர்காணலில் என்னிடம் அதிகம் கேட்டது வேபரைப் பற்றி இல்லை. களத்தில் எங்கே தங்கினாய், யார் பேச மறுத்தார்கள், அப்போது என்ன செய்தாய் என்றுதான் கேட்டார்கள். உங்கள் களக்குறிப்பு நோட்டை நேர்காணலுக்குக் கையோடு எடுத்துப் போங்கள், ஆட்களின் பெயர் தெரிகிற பக்கங்களை மட்டும் வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டு.